கற்பூரம் மணக்காத சீசா

அலெக்சாந்திரியாவில் பாக்கூஸ் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே அத்தர் கடை வைத்திருக்கும் வக்திக்கு இரண்டு வருடமாக மூக்கு வேலை செய்யவில்லை. ஊருக்கு இது தெரியாது. கூடப் படுத்து எழும் மனைவிக்கும் தெரியாது. ஒரு காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்தான். எழுந்து குடித்த முதல் காப்பி வெறும் கசந்த வெந்நீராக இருந்தது. இன்று திரும்பும், நாளை திரும்பும் என்று காத்திருந்து, திரும்பாது என்று புரிந்தபோது யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்குப் பொய் வளர்ந்துவிட்டது. காது கேட்காதவன் வீணைக்குச் சுதி கூட்டினால் எப்படியோ, அப்படித்தான் அவன் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவன்தான் கைப்பேசியைப் பன்னீர் டப்பாவின்மேல் சாய்த்து நிறுத்தி, பெண்களை இழுக்கும் என்று விற்கும், ஆண்களுக்கான ஐந்து ஃபெரோமோன் வாசனைகளை ஒப்பிட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தான். வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் சொந்த சட்டைக் கழுத்துப் பட்டையையே முகர்ந்து அறிய முடியாதவன் இந்த வேலைக்கு வந்திருக்கவே மாட்டான். ஆனால் அவனுடைய இணையப் பக்கத்தைப் பதினாலாயிரம் பேர் பார்த்தார்கள். மூக்கு இருந்த காலத்தில் நூறு பேர்கூடப் பார்த்ததில்லை.

"சகோதரர்களே, இதோ அஞ்சு பேர் வரிசையா நிக்கிறாங்க" என்று ஆரம்பித்தான். "சய்யாத், துருக்கிக்காரன், நாலு மணி நேரம் நிப்பான். மிக்னாதீஸ், பெட்டியில சிங்கம் போட்டிருக்கான், உள்ள பூனைதான் இருக்கு. மத்த ரெண்டும் தங்க மூடிக்கு மட்டும் மார்க். கடைசியா ஃபாரிஸ். இதுல வாசனையே கிடையாது. சும்மா சொட்டு மருந்து. உங்களுக்குப் பிடிச்ச அத்தர்ல ரெண்டு சொட்டு கலந்துக்கணும். மூக்குக்குத் தெரியாது, மனசுக்குத் தெரியும். என் மார்க் ஃபாரிஸுக்குத்தான்."

ஃபாரிஸுக்கு ஏன் முதலிடம் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். வாசனையே இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது பொய் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நான்கையும் பற்றிச் சொன்னதெல்லாம் மித்வல்லியின் வாயிலிருந்து பிடுங்கியது.

மித்வல்லி டிராம் கண்டக்டர். வக்தியும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு சரக்கைப் பூசிக்கொண்டு வக்தி அவனுடைய வண்டியில் ஏறி ஒரே இருக்கையில் உட்கார்வான். மித்வல்லி டிக்கெட் கொடுத்தபடியே பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் எழுந்து போனார்கள், யார் திரும்பிப் பார்த்தார்கள் என்று பென்சிலால் டிக்கெட் கட்டின் பின்னால் கோடு போட்டு வருவான். இறங்கும்போது வக்தி நைசாகக் கேட்பான்: "உன் மூக்குக்கு எப்படி இருந்துச்சு, சொல்லு பாப்போம்."

"ஆரஞ்சுத் தோலும் புது செருப்பும் மாதிரி."

அடுத்த நாள் அது பதினாலாயிரம் பேருக்குப் போகும்: இதன் மேல்மணம் ஆரஞ்சு, அடிமணம் தோல்.

பரிசோதனை முடிந்த வாரத்தில் மித்வல்லி கடைக்குள் வந்து, வழக்கம்போல் முக்காலியில் உட்காராமல் நின்றான். ஐம்பத்தோரு வயது மனிதன் சீருடைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வக்திக்குப் புரிந்துவிட்டது.

"யார்டா அது?"

"முஹர்ரம் பேக்ல ஹில்மின்னு ஒருத்தர், துறைமுகத்துல வேலை. அவரோட தங்கச்சி. இன்ஷிராஹ்னு பேரு. புருஷன் மௌத்தாகி மூணு வருஷம். வெள்ளிக்கிழமை வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க."

"அடப்பாவி! கண்டக்டர் மாப்பிள்ளை ஆகப்போறார், என்கிட்ட மூச்சு விடல."

"சிரிக்காத. எனக்குக் கை காலெல்லாம் ஓடல. அம்மா இருந்த வரைக்கும் இந்த நெனப்பே வந்ததில்ல. இப்ப வீட்டுக்குப் போனா சுவர்தான் பேசுது. இந்த ஒரு இடம் அமைஞ்சாப் போதும், வக்தி. இது தவறிச்சுன்னா இன்னொரு தடவை ஒரு பொம்பளை முன்னாடி போய் உக்கார எனக்குத் தெம்பில்ல. அந்த நம்பர் ஒன்னக் குடு."

அவன் தாய் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினேழு வருடம் படுக்கையில் கிடந்தவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, அதனாலேயே கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவன். அவள் மரணத்துக்காக அழுது அவனை யாரும் பார்த்ததில்லை. மய்யித்தாகக் கிடந்த உடலைக் குளிப்பாட்டிய உம்மு சாபிர் கதவைத் திறந்து வெளியே வந்து சொன்ன வார்த்தைதான் காரணம். கற்பூரமும் கஸ்தூரியும் கலந்த, சவத்துணிக்கென்றே உள்ள கஃபன் அத்தரைத்தான் பூசினேன், கற்பூரம் மணக்கவே இல்லை, மல்லிகைதான் மணந்தது, மணப்பெண்ணைப் போலப் போகிறாள், என்று அவள் சொன்னாள். தெருவே "அல்லாஹு அக்பர்" என்றது. அன்றிலிருந்து மித்வல்லி டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் இதை யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தான். பாக்கூஸ் வழியாகப் போகும் பாதிப் பேருக்கு அவன் தாய் சொர்க்கவாசி என்பது மனப்பாடம்.

வக்தி ஃபாரிஸை எடுத்தான். ஆனால் வெறும் சொட்டு மருந்தை உயிர் நண்பனுக்குக் கொடுத்து அனுப்ப மனம் வரவில்லை. கீழ்த்தட்டில் குனிந்தான். அங்கே ஒரே மாதிரி இரண்டு பச்சைச் சீசாக்கள் இருந்தன, இரண்டிலும் பெயர்ச்சீட்டு கிடையாது. வலப்பக்கம் இருப்பது மல்லிகையும் வெண்கஸ்தூரியும் சேர்ந்த மாப்பிள்ளை–பெண் அத்தர்; விற்பதில்லை, வேண்டியவர்கள் கல்யாணத்துக்கு மட்டும். இடப்பக்கம் இருப்பது கஃபன் அத்தர். அதற்குச் சீட்டு ஒட்டும் வழக்கம் எந்தக் கடையிலும் இல்லை. கல்யாணத்துக்கு வாசனை வாங்க வந்தவன் கண்ணில் அந்தப் பெயர் பட்டால் வாசலோடு திரும்பிவிடுவான். இப்போதெல்லாம் கஃபன் சாமான்கள் பொட்டலமாகவே வெளியே கிடைப்பதால் தெரிந்தவர்கள் மட்டும்தான் அதைக் கேட்டு வருவார்கள். முன்பு மூடியைத் திறந்தாலே எது எது என்று தெரிந்துவிடும். இப்போது இடம் வலம்தான் அவனுக்கு மூக்கு.

வலப்பக்கச் சீசாவை எடுத்தான். பன்னிரண்டு சொட்டு, அதில் ஃபாரிஸ் இரண்டு. குலுக்கினான். முகர்ந்து பார்ப்பதுபோல் கண்ணை மூடினான்.

"ராஜா மாதிரி இருக்குடா" என்றான்.

மித்வல்லி மணிக்கட்டில் தடவி முகர்ந்தான். "எங்கயோ பழகின வாசனை. கொஞ்சம் மருந்துக்கடை அடிக்குதே?"

"அந்தச் சரக்குன்னா அப்படித்தான் இருக்கும். மூக்குக்குத் தெரியாது..."

"மனசுக்குத் தெரியும்" என்று மித்வல்லி பெரும் நம்பிக்கையோடு முடித்தான்.

சனிக்கிழமை மதியம் அவன் வந்தபோது முகத்தில் ஈ ஆடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

"போனேன். கேக் பெட்டி வாங்கிட்டுப் போனேன். ஹில்மி அண்ணன் நல்லாத்தான் பேசினார். அந்தம்மா ஷர்பத் தட்டோட வந்தாங்க. ரொம்ப லட்சணம், வக்தி. எனக்குக் குடுக்கக் குனிஞ்சாங்க. குனிஞ்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. தட்டு சாயுது. ஷர்பத் என் மடியில கொட்டுது. அவங்க அதப் பாக்கக்கூட இல்ல. 'யா ரப்பி'ன்னு ஒரு சத்தம். அழுதுகிட்டே உள்ள ஓடிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அண்ணன்காரர் என்னையே முறைக்கிறார். பெட்டிய மேசைமேல வச்சேன், செருப்பக் கூட சரியா மாட்டாம இறங்கி வந்துட்டேன்." அவன் சிரிக்க முயன்றான். "உன் நம்பர் ஒன்னும் என்கிட்ட தோத்துப்போச்சு. உன்மேல குத்தமில்ல. அஞ்சு வாரம் பாடுபட்டு சலிச்சு எடுத்த சரக்கு. அதையும் மீறி ஒரு பொம்பளை என்னைக் கண்டு அழுறான்னா, கோளாறு இந்த உடம்புலதான். பதினேழு வருஷம் மூத்திரத் துணி அலசின உடம்பு. எந்த வாசனையும் ஒட்டாது போல."

"உளறாதடா."

"விடு. முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு பணிக்குப் போனான்.

வக்திக்கு உள்ளே ஏதோ இடறியது. பெண் மனம் ஆயிரம் இருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லி, அன்றைய மாலையை ஓட்டினான். அந்தச் சமாதானத்துக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஞாயிறு காலை, கடையைத் திறந்த கையோடு ஒரு தடித்த ஆள் உள்ளே வந்து மேசையைத் தட்டினான்.

"மித்வல்லிக்கு வாசனை கலந்து குடுத்தது நீதானே? வந்ததும் வராததுமா பெருமையாச் சொன்னான். நான் ஹில்மி."

"வாங்க அண்ணே, உக்காருங்க."

"உக்கார வரல. மய்யித்துக்குப் பூசுறத பூசிக்கிட்டு எவனாவது பொண்ணு பாக்க வருவானா? என் மச்சானக் கஃபன்ல சுத்தும்போது இதே வாசனை. வீட்டுல அத்தன பேரும் அன்னிக்கு அதத்தான் முகர்ந்தோம். என் தங்கச்சி அத மறக்க மூணு வருஷமாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் விளையாட்டா?"

வக்தி குனிந்து இரண்டு பச்சைச் சீசாக்களையும் எடுத்து மேசைமேல் வைத்தான். வலப்பக்கத்தது எது, இடப்பக்கத்தது எது என்று கையால் அடையாளம் வைத்துக்கொண்டு மூடிகளைத் திறந்தான்.

"அண்ணே, கோபப்படாதீங்க. இது என்ன வாசனைன்னு சொல்லுங்க."

ஹில்மி வலப்பக்கச் சீசாவை முகர்ந்து முகத்தைத் திருப்பினான். "இதான். கற்பூரம். ஜனாஸா வாசனை."

"இது?"

"மல்லிகை. கல்யாண வீடு." சொல்லிவிட்டு வக்தியை உற்றுப் பார்த்தான். "ஏன், உனக்குத் தெரியாதா?"

வக்தி குனிந்து இரண்டு மூடிகளையும் திருகி அடைத்தான். அதிலேயே ஹில்மிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோபத்தோடு வந்தவன், ஒரு நொண்டியைத் தள்ளிவிட்டவனைப் போலக் கூச்சப்பட்டு, "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று முனகியபடி இறங்கிப் போனான்.

சீசாக்கள் எப்போது இடம் மாறின? வக்தி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போன ரமலானுக்கு முன்னால் தட்டுகளுக்கு வர்ணம் அடித்தான். எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினான். அதற்குப் பிறகு இடப்பக்கச் சீசாவை ஒரே ஒரு முறைதான் தொட்டான். எட்டு மாதத்துக்கு முன்னால், மித்வல்லி கதவருகே நின்று "அம்மா போயிட்டாடா" என்ற அன்று, அந்தச் சீசாவிலிருந்துதான் ஒரு குப்பி ஊற்றிக் கொடுத்தான்.

கற்பூரம் மணக்கவில்லை, மல்லிகை மணந்தது.

வக்தி கடையைச் சாத்தினான். உட்கார இடமில்லாமல் அல்ல, உட்கார முடியாமல் நின்றான். ஒரு மனிதனுடைய கல்யாணத்தைக் கெடுத்தது ஒரு பாவம். அது போதாதென்று, அவனுடைய தாயைச் சொர்க்கத்துக்கு அனுப்பிய அந்த மணமும் தன் குருட்டுக் கையின் வேலை. அவள் நல்லவள்தான், சொர்க்கத்துக்குப் போக அவளுக்கு எந்த அத்தரும் தேவையில்லை. ஆனால் அவள் மகன் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதமாகப் படுக்கையிலிருந்து எழுந்து வேலைக்குப் போகிறான். உண்மையைச் சொன்னால் அவன் உடம்பில் கோளாறு இல்லை என்று தெரியும். கூடவே தாயின் மணமும் போய்விடும். சொல்லாவிட்டால் தாய் இருப்பாள், அவன் சாகும்வரை தன் தோலை வெறுத்துக்கொண்டு தனியாக இருப்பான். இரண்டு வருடத்துக்கு முன்னால் "எனக்கு மூக்கு போச்சு" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் இந்தச் சிக்கல் ஏது?

முதலில் ஐந்து வாசனைகளின் ஒப்பீட்டை அழித்தான். ஏன் அழித்தீர்கள், நான் ஃபாரிஸ் வாங்கலாமா வேண்டாமா என்று நாற்பது பேர் கேட்டார்கள். ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. இரண்டு நாள் ஜன்னல் வழியே டிராமைப் பார்த்தான். மித்வல்லி படியில் நிற்கவில்லை, யாரிடமும் வாயாடவில்லை, தலை குனிந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். பெண்கள் உட்காரும் பெட்டிப் பக்கம் அவன் போவதே இல்லை. பணிமனையில் கணக்குப் பார்க்கும் வேலைக்கு மாற்றல் எழுதிக் கொடுத்திருக்கிறான், இனி ஆள் முகத்தில் விழிக்க வேண்டாமாம் என்று டிக்கெட் பரிசோதகர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் வக்தியால் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை பகலில் முஹர்ரம் பேக்குக்குப் போனான். ஹில்மியை வைத்துக்கொண்டு இன்ஷிராஹிடம் எல்லாவற்றையும் சொன்னான். மூக்கு போனதையும் சொன்னான். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மித்வல்லியின் தாயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "அவர் ஏன் ஓடினாரு?" என்றாள்.

"நீங்க அழுதீங்கன்னு..."

"அழுதேன். அழாம என்ன செய்வேன்? ஒரு நிமிஷம் என் புருஷன் கூடத்துல வந்து உக்காந்திருக்கார்னு நெனச்சேன். அழுது முடிச்சு, மூஞ்சி கழுவி, வேற ஷர்பத் கலக்கிட்டு வெளிய வந்தா ஆளையே காணோம். கேக் பெட்டி மட்டும் இருந்துச்சு. கோபத்துல அத நானே தின்னு தீர்த்தேன்." ஹில்மி கூரையைப் பார்த்தான். அவள் தொடர்ந்தாள்: "அம்மாவுக்குப் பதினேழு வருஷம் பணிவிடை செஞ்ச மனுஷனாமே. அவருக்கு என்னத்துக்கு இந்தச் சொட்டு மருந்தெல்லாம்? சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பூச வேணாம்."

வக்தி அங்கிருந்து நேராகப் போய் மித்வல்லியின் டிராமில் ஏறினான். மதிய நேரம், பாதி இருக்கைகள் காலி. ஐந்து வாரம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டினான்.

"உக்காரு. டிக்கெட் அப்புறம் கிழி."

சொன்னான். காய்ச்சலைச் சொன்னான், சீசாவைச் சொன்னான். மித்வல்லியின் முகம் சிவந்தது.

"அப்ப அந்த அஞ்சுக்கும் போட்ட மார்க்?"

"எல்லாம் நீ சொன்னது."

"ஆரஞ்சுத் தோலு, புது செருப்பு?"

"உன் செருப்புதான்."

"தூ! வெக்கங்கெட்ட நாயே. என்கிட்டயா மறைச்ச? என்கிட்டயா?" அவன் கத்தியதில் முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். "ஜனாஸா வாசனையோட என்னைப் பொண்ணு பாக்க அனுப்பியிருக்க. நான் என் தோலையே செங்கல் வச்சு தேய்ச்சிக்கிட்டு இருந்தேன் இந்த நாலு நாளா!"

"அடி. அடிச்சிடு. அதுக்கு முன்னாடி இதக் கேளு. அவங்க உன்னை வரச் சொன்னாங்க. கேக் முழுசையும் தின்னுட்டாங்களாம். சோப்புப் போட்டுக் குளிச்சாப் போதுமாம்."

மித்வல்லியின் வாய் திறந்தபடி நின்றது. மெல்ல, அவனை அறியாமல், சிரிப்பு வந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். இரண்டு நிறுத்தம் அப்படியே போனது. யாரோ டிக்கெட் கேட்டதுகூட அவன் காதில் விழவில்லை. பிறகு கைக்குட்டையை மடிக்கும்போது அவன் கை நின்றது.

"ரெண்டு வருஷம்னு சொன்ன இல்ல?"

"ஆமா."

"அம்மாவுக்கும் நீதான் ஊத்திக் குடுத்த."

வக்தி ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"சீசா எப்ப மாறிச்சு?"

"போன வாரம்" என்றான் வக்தி. எவ்வளவு சுலபமாக வந்தது அது! "தூசி தட்டினேன். அப்ப மாத்தி வச்சிருக்கேன்."

"வல்லாஹி சொல்லு."

அல்லாஹ்மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் எங்கே போவான் என்று வக்திக்கு அவன் தகப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார். கடையில் அரைச் சொட்டு குறைத்து விற்றபோதுகூட அவன் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. மித்வல்லி அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கேள்வியைவிட கெஞ்சல்தான் அதிகம் இருந்தது.

"வல்லாஹி, போன வாரம்தான்" என்றான் வக்தி.

மித்வல்லி நீளமாக மூச்சு விட்டான். வக்தியின் தோளில் ஒரு குத்து விட்டான், வலிக்கும்படி. எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு டிக்கெட் கட்டை விரித்தான். முன்னிருக்கைக் கிழவரிடம் போனான்.

"மன்னிச்சிருங்க ஹாஜி, சத்தம் போட்டுட்டேன். நல்ல சேதி வந்துச்சு, அதான். எங்கம்மா மேலேருந்து கேக்குற துஆதான் எல்லாம். அவங்கள மாதிரி ஒருத்தி கிடையாது. மௌத்தானப்ப கற்பூரத்தப் பூசியும் கற்பூரம் மணக்கல, மல்லிகை மணந்துச்சு. நம்பலன்னா இவனக் கேளுங்க. கஃபன் அத்தர் குடுத்தது இவன்தான்."

கிழவர் இருக்கையிலிருந்து உடம்பைத் திருப்பி வக்தியைப் பார்த்தார். "அப்படியாப்பா? நீதான் குடுத்தியா?"

"ஆமா ஹாஜி" என்றான் வக்தி. "கற்பூரம்தான் குடுத்தேன்."

கிழவர் "சுப்ஹானல்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தம் பாக்கூஸ்; அவன் கடை எதிரே தெரிந்தது. வக்தி இறங்கவில்லை.